மேடு வருமுன் சொன்னவர்

“மேட்டுக்கு மேடு நின்னு போற வண்டி, உன்னக் காலேஜ் வரைக்கும் கொண்டு போய் விடுமா பாப்பா?”

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்று மாமா என்னிடம் கேட்டது இது. அம்மாவின் அண்ணன் அவர். கேள்வியில் கேலி பாதி, கவலை பாதி. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிப் படிப்பை முடித்தவர் யாரும் இல்லை. நர்சிங் படிக்க வேண்டும் என்று நான் சொன்னதும், சிதம்பரத்தில் தங்கி நான்கு வருடம் படிக்க வேண்டும் என்பது தெரிந்ததும், எல்லோருடைய கண்ணும் வாசலில் நின்ற ஆட்டோவின் மேல்தான் போனது. அது கடலூர் முதுநகரிலேயே மெதுவாகப் போகும் ஷேர் ஆட்டோ. அதை ஓட்டியவர் என் அப்பா.

அப்பா ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே பதில் சொன்னார்.

“மச்சான், வண்டி லேட்டாத்தான் போவும். ஆனா போய்ச் சேர்ந்துடும்.”

அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அந்த வண்டி போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல விரும்புகிறேன். மாமாவின் கேள்வியை எழுதப் போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். “எழுது எழுது, கேட்டது நான்தான” என்றார்.

அப்பா பிறந்தது குடிகாட்டில். இன்று அங்கே ரசாயனக் கம்பெனிகளின் குழாய்களும் புகைபோக்கிகளும் தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில், பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூன்றாவது பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருடம் போனார். பிறகு ஆடு மேய்த்தார். மீசை முளைக்கும் வயதில் முதுநகருக்கு வந்து, ஒரு சோடா கம்பெனியில் மூன்று சக்கர வண்டி மிதிக்கும் வேலையில் சேர்ந்தார். பாட்டில் உடைந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் துறைமுகத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம், எந்தப் பள்ளம் மழைக்குப் பிறகு பெரிதாகும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிப்போனது. “ரோட்ட நான் பாட்டில் சத்தத்துலயே கத்துக்கிட்டேன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

அம்மாவைத் திருமணம் செய்துகொண்ட பிறகு தவணையில் ஒரு ஷேர் ஆட்டோ வாங்கினார். அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனார். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்த அந்த விரல் நுனிகள் இன்றும் வெளுக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் போனவர்களுக்குத் தெரியும். பின்பக்கம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். முன்னால் சாலை எப்படி இருக்கிறது என்று தெரியாது. அப்பா ஆட்டோ ஓட்டத் தொடங்கிய புதிதில், பெரியாஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் ஓர் அம்மாவை ஏற்றியிருக்கிறார். வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. முதல் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் அந்த அம்மா வலியில் அப்படியே மடங்கிவிட்டார். அப்பா பதறிப்போய் வண்டியை ஓரமாக நிறுத்தி, தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலை அப்பா எங்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறார்.

“ரோட்டுல மேடு இருந்தா ஏறித்தானப்பா ஆவணும். வருதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வயித்தப் புடிச்சினு இருந்திருப்பேன்.”

மீதி வழி முழுக்க அப்பா ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் சொல்லிக்கொண்டே போனார். அந்த அம்மா இறங்கிய பிறகு புதிதாக ஏறியவர்களுக்கும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மறுநாளும் சொன்னார். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

“மேடு வருது, புடிச்சிக்குங்க.”

கத்திச் சொல்ல மாட்டார். வேகத்தைக் குறைத்து, முகத்தைப் பாதி திருப்பி, பின்னால் இருப்பவர்களில் யாரோ ஒருவருக்கு மட்டும் சொல்வது போலச் சொல்வார். கைக்குழந்தையோடு யாராவது இருந்தால் இன்னொரு முறை சொல்வார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைய இருந்தால் “கப்பல் ஏறுது, கப்பல் இறங்குது” என்பார். பிள்ளைகள் மேட்டுக்காகக் காத்திருப்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவந்திபுரம் போய்வரும் கூட்டத்தை ஏற்றும்போது, மொட்டை போட்ட குழந்தைகளின் தலை கம்பியில் இடித்துவிடக் கூடாது என்று தனியாக ஒரு கண் வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குத் தவறாத மனிதர், பெருமாள் கோயில் கல்யாணத்திலிருந்து பாயசத் தூக்கோடு ஏறுகிறவர்களிடம், “மூடிய அழுத்திப் புடிங்கம்மா, பாலம் வருது, பெருமாள் பாயசம் ரோட்டுல ஊத்தக் கூடாது” என்பார்.

ஆட்டோ ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே போனது. ‘மேடு ஆட்டோ’ என்றால்தான் தெரியும். செல்வம் அண்ணன் அப்போது ஸ்டாண்டுக்கு வந்த புதிது, வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

“ஏண்ணா, ஹாரன எடுத்துட்டு மைக் கட்டிக்கிங்களேன்.”

“மைக்குக்கு நீ வர்றியா? ஒன் தொண்ட நல்லாத்தான் இருக்குது.”

“நீங்க மேடு மேடுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸுக்காரன் நம்ம ஆளுங்கள எல்லாம் வாரிக்கினு பூடுவான்ணா.”

செல்வம் அண்ணன் சொன்னதில் உண்மை இருந்தது. தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்றும் வரிசையில், மெதுவாகப் போகும் வண்டி பின்னால் வருகிற எல்லோரையும் தாமதமாக்கும். ஒருநாள் அப்பாவின் வண்டியில் போன ஒரு தொழிலாளி நேரம் தவறிப் போனதால் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். மாலையில் ஸ்டாண்டில் பஞ்சாயத்து நடந்தது. இனி ஷிப்டு நேரத்தில் மேடு ஆட்டோ குடிகாடு பக்கம் போக வேண்டாம் என்று முடிவானது. அப்பா வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்.

“அவுங்க சொல்றதும் நியாயந்தான். அந்தாளுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு.”

“அப்ப நீங்க கொஞ்சம் வேகமாப் போனாத்தான் என்ன?” என்றார் அம்மா.

“போவலாம். ஆனா சொல்லாமப் போவ முடியல. சொன்னா மெதுவாத்தான் போவ வருது.”

அதற்குப் பிறகு மேடு ஆட்டோவைத் தேடிக்கொண்டு கூட்டம் வந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஷிப்டு ஆட்கள் கொடுத்த வருமானம் திரும்பி வரவே இல்லை. அம்மா கூடுதல் நேரம் கொட்டை உடைத்தார். ஆனால் வேறு சிலர் வந்தார்கள். கர்ப்பிணிகள் வந்தார்கள். காலில் கட்டுப் போட்டவர்கள், டயாலிசிஸ் முடிந்து களைத்துப்போய்த் திரும்புகிறவர்கள், முதல் முறையாகக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகும் தாய்மார்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு, “மேடு ஆட்டோ இருக்குதா?” என்று கேட்டு நிற்பார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து மகளுடைய பிரசவத்துக்காக வந்திருந்த ஒரு பாய், பேரப்பிள்ளையோடு இறங்கியதும் அப்பாவின் தலையில் கை வைத்து துவா செய்துவிட்டுப் போனாராம். அன்று முழுவதும் அப்பா தலையில் எண்ணெய்கூடத் தடவவில்லை.

இவர்கள்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். அப்பாவின் வண்டியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போன அத்தனை பேரும்.

நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பா ஆட்டோவில் வரவில்லை. பஸ்ஸில் என்னோடு சிதம்பரம் வந்தார். வழியெல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் கம்பியை இறுக்கிப் பிடித்தார். விடுதி வாசலில் பெட்டியை இறக்கி வைத்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்.

“நடுவுல மட்டும் இறங்கிடாத.”

மூன்று வருடம் நன்றாகவே போனது. நான் வெள்ளைச் சீருடை போட்டு எடுத்த முதல் படத்தை அப்பா ஆட்டோவில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டி வைத்தார். பயணிகள் யார் என்று கேட்டால், “என் பொண்ணுதான், நர்சு” என்பார். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று நான் திருத்தினால், “அதெல்லாம் அவுங்களுக்கு எதுக்கு” என்பார்.

நான்காவது வருடத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு இளைத்தது. சிதம்பரத்துக்கே அழைத்து வந்து காட்டினோம். பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் என்னையும் மாமாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். வயிற்றில் கட்டி. கல்லீரலுக்குப் பரவிவிட்டது. குணப்படுத்த முடியாது, வலியைக் கட்டுப்படுத்தலாம்.

வெளியே வந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்கப்பங்கிட்ட சொல்லாத பாப்பா. அல்சர்னு சொல்லிடலாம்.”

நம் வீடுகளில் இப்படித்தான் நடக்கும். யாரும் யாருக்கும் கெட்டது நினைத்துச் செய்வதில்லை. மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு, நோயாளியின் முன்னால் சிரித்துப் பேசி, அடுத்த அறையில் போய் அழுவோம். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, நாங்களும் அதையே செய்தோம். அல்சர் என்று சொன்னதால் அதற்கேற்ற சாப்பாடும் போட வேண்டியிருந்தது. காரம் இல்லை, புளி இல்லை, மீன் இல்லை. தினமும் மோர் சோறு. அப்பா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

ஆனால் அவர் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். வண்டிக்கு எஃப்.சி. எடுக்கலாமா, எப்போது ஸ்டாண்டுக்குப் போகலாம், வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்ற வேண்டுமே, அடுத்த மாதம் போதுமா. ஒவ்வொரு கேள்விக்கும் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பதில் சொன்னோம். அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்ப்பார். பின்பக்கம் உட்கார்ந்து, முன்னால் சாலை தெரியாமல், எங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தோன்றியது. வாழ்நாள் முழுவதும் முன்பின் தெரியாதவர்களிடம்கூட அவர் அப்படி நடந்துகொண்டதில்லை.

அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான் சொன்னபோது மாமாவுக்குக் கோபம் வந்தது.

“நாலு எழுத்து படிச்சிட்டன்னு பேசாத. சொன்னா நாளைக்கே படுத்துடுவாரு. இருக்கற நாளையாவது நிம்மதியா இருக்கட்டும்.”

“அவரு நிம்மதியா இல்ல மாமா. கேட்டுக்கிட்டே இருக்காரு.”

“தெரியாமப் போறதுல ஒரு நிம்மதி இருக்கு பாப்பா.”

“மேடு தெரியாமப் போறதுல என்ன நிம்மதி மாமா?”

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அவர் பயந்ததும் அன்பினால்தான். நான் சொல்லி, அதனால் அப்பா உடைந்துபோனால், அந்தப் பழியோடுதான் மீதிக் காலத்தை நான் வாழ வேண்டியிருக்கும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. அம்மா வெகுநேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“நீயே சொல்லு. எனக்கு வாய் வராது. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

அடுத்த நாள் மதியம் அப்பா ஆட்டோவில் இருந்தார். ஓட்ட முடியாத நாட்களிலும் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம். நானும் அம்மாவும் பின்னால் ஏறி உட்கார்ந்தோம். அப்பா திரும்பவில்லை. உள்ளே இருக்கும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

“எங்க போவணும்?” என்று கேட்டார், பயணிகளைக் கேட்பது போல.

“அப்பா, ஒங்களுக்கு வந்திருக்கறது அல்சர் இல்லப்பா.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “சொல்லு” என்றார்.

சொன்னேன். கட்டி என்று சொன்னேன், புற்றுநோய் என்று சொன்னேன், பரவிவிட்டது என்று சொன்னேன். வகுப்பில் படித்த சொற்களை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் பேசுகிற சொற்களில் சொன்னேன். அப்பா நான் முடித்ததும் கேட்டார்.

“வலி ஜாஸ்தியா இருக்குமா?”

“வரும்பா. மருந்து இருக்கு. வலி வந்த பொறவு குடுக்க மாட்டோம், வர்றதுக்கு முன்னாடியே குடுத்துடுவோம்.”

“அப்ப சரி.” கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். “ஒன் பரிட்சைக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“தெரியலப்பா. டாக்டருக்கும் தெரியாது.”

“தெரியாதத தெரியலன்னு சொன்னியே, அது போதும்.”

கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை குனிந்திருந்தார்.

“ஏம்மா, ஒனக்கும் தெரியுமா?”

“தெரியுங்க.”

“தெரிஞ்சினுதான் இத்தினி நாளா மோர் சோறு போட்டியா? அப்ப இனிமே மீன் கொழம்பு சாப்பிடலாமில்ல?”

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான். அன்று மாலை எங்கள் வீட்டில் சங்கரா மீன் குழம்பு கொதித்தது. அப்பா நான்கு வாய்தான் சாப்பிட்டார். ஆனால் காரம் போதவில்லை என்று அம்மாவிடம் குறை சொன்னார். பழைய அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. மாமா வாசற்படியில் உட்கார்ந்து, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முழுவதும் சாப்பிட்டார்.

அப்பா படுத்துவிடவில்லை. என்ன வருகிறது என்று தெரிந்ததும் அதற்குத் தயாரானார். கூரைக்கு ஓலை மாற்றியாயிற்று. குடிகாட்டுக்குப் போய்த் தன் அண்ணன் வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தங்கிவிட்டு வந்தார். காலை வேளைகளில் துறைமுகத்துக்குப் போய்ப் படகுகள் வருவதைப் பார்த்தார். பிறகு ஒருநாள் செல்வம் அண்ணனை வரச் சொன்னார்.

“நம்ம வண்டிய நீ ஓட்டுடா. ஒண்ணே ஒண்ணு, மேடு சொல்லணும்.”

“எனக்கு வெக்கமா இருக்கும்ணா.”

“மொத நாளு இருக்கும்.”

அன்றே அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஸ்டாண்டு வரை ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார் செல்வம் அண்ணன். தன் வண்டியில் அப்பா பயணியாக உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. திரும்பி வந்தபோது அப்பா சொன்னார், “பின்னாடி ஒக்காந்தா நெஜமாவே ஒண்ணுந் தெரியலம்மா. நல்ல வேள, இத்தினி வருசமா சொல்லிட்டேன்.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் பல நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தன் வாழ்க்கையைப் பற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்ததாக எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பெரிதாக எதையும் அவர் கட்டவில்லை, யாருக்கும் அள்ளிக் கொடுக்கவில்லை. சாலையில் இருக்கும் மேட்டை எடுக்க அவரால் முடியாது. வருகிறது என்று சொல்ல முடியும். தன்னால் முடிந்த அந்த ஒன்றை, யாரும் கேட்காமல், யார் சிரித்தாலும் நிறுத்தாமல், வண்டியில் ஏறிய ஒவ்வொருவருக்கும் செய்தார். ஒரு மனிதர் நிறைவாக வாழ்ந்தேன் என்று சொல்லிக்கொள்ள அது போதும் என்பதை அன்று அவர் முகத்தில் பார்த்தேன்.

இறுதித் தேர்வுகள் நெருங்கியபோது அப்பாவைச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. தேர்வை அடுத்த முறை எழுதிக்கொள்கிறேன் என்றேன். அப்பாவால் அதிகம் பேச முடியாத நேரம் அது. விரலை மட்டும் ஆட்டினார். விடுதி வாசலில் சொன்னதைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் நடுவில் இறங்கவில்லை. வார்டில் அப்பாவின் பக்கத்தில் யார் இருப்பது என்ற கவலையை மாமா தீர்த்து வைத்தார். வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்து, தேர்வு முடியும் வரை கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். மருந்து நேரம் வருவதற்கு முன்னால் நர்சுகளைத் தேடிக்கொண்டு போய் நிற்பாராம். “வலி வர்றதுக்கு முன்னாடியே குடுக்கணும்னு எங்க பாப்பா சொல்லியிருக்கு” என்பாராம்.

கடைசித் தேர்வு முடிந்து நான் நேராக வார்டுக்கு ஓடினேன். “முடிஞ்சிதுப்பா” என்றேன். அப்பா கண்ணைத் திறந்து, என் சீருடைக் காலரைச் சரிசெய்தார். பிறகு “வூட்டுக்குப் போவலாம்” என்றார்.

டாக்டரும் சம்மதித்தார். செல்வம் அண்ணன் ஒரு வேன் எடுத்து வந்தார். பின்னால் மெத்தை போட்டு அப்பாவைப் படுக்க வைத்தோம். அம்மா தலைமாட்டில், நான் கால்மாட்டில், மாமா முன்னால். சிதம்பரம் எல்லையைத் தாண்டும் முன்பே செல்வம் அண்ணன் வண்டியை மெதுவாக்கி, முகத்தைப் பாதி திருப்பினார்.

“அண்ணே, மேடு வருது. புடிச்சிக்குங்க.”

அப்பாவின் விரல்கள் மெத்தையின் ஓரத்தைப் பிடித்தன. வெள்ளாற்றுப் பாலத்தில் சொன்னார், பி.முட்லூரில் சொன்னார், புதுச்சத்திரத்தில் சொன்னார், ஆலப்பாக்கத்தில் சொன்னார். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன. செல்வம் அண்ணன் வேகத்தைக் கூட்டவே இல்லை. குடிகாடு வந்தபோது அப்பா தலையைத் தூக்கப் பார்த்தார். அம்மா தூக்கிப் பிடித்தார். பிறந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார். முதுநகர் நெருங்கியபோது வண்டி லேசாக ஒருமுறை குலுங்கியது.

“டேய் செல்வம்” என்றார் அப்பா. குரல் மிகவும் மெலிந்திருந்தது. “ரயில்வே கேட்டுக்கு முன்னாடி சின்னதா ஒண்ணு இருக்குதே. அத வுட்டுட்ட.”

வேனில் இருந்த எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முன்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில நாட்களுக்குப் பிறகு ஒரு காலையில், கோயில் மணி அடித்து ஓய்ந்த நேரத்தில், அம்மாவின் கையைப் பிடித்தபடி அப்பா இறைவனிடம் சென்றார். வலியில் இல்லை. பயத்திலும் இல்லை. என் தேர்வு முடிவை அவர் பார்க்கவில்லை. நான் தேறிவிட்டேன், அப்பா.

அப்பாவைச் சிகிச்சைக் காலம் முழுவதும் கனிவோடு பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டுக்கு வந்து நற்கருணை வழங்கிச் செபித்த பங்குத் தந்தைக்கும், அடக்கத்தன்று வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டுக் கல்லறைத் தோட்டம் வரை நடந்தே வந்த ஸ்டாண்டு நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாமல் வந்து, “அவரு வண்டியிலதான் எங்கொழந்தய வூட்டுக்குக் கொண்டாந்தேன்” என்று மட்டும் சொல்லி அழுதுவிட்டுப் போன பெண்களுக்கும் நன்றி. செல்வம் அண்ணனுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் இப்போது ஓட்டுவது மேடு ஆட்டோதான், நீங்கள் ஏறிப் பார்க்கலாம். அம்மாவைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளும் மாமாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த மலர் முழுவதும் இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் கடலூரிலேயே ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. அறுவை சிகிச்சைப் பிரிவில் இடம் கொடுத்தார்கள். குணமாகாத நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் குழு ஒன்று அங்கே இருக்கிறது. வலியைக் குறைப்பதும், கூட இருப்பதும்தான் அதன் வேலை. என்னை அதற்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். “நல்ல எடம் கெடச்சிருக்கு, அத வுட்டுட்டா போவ?” என்று மாமா கேட்டார். அவர் கேட்காமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

போன வாரம் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் போன வீட்டில், வாசலிலேயே ஒரு பெண் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“சிஸ்டர், எங்கப்பாவுக்கு அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம்.”

நான் செருப்பைக் கழற்றாமல் அவரோடு வாசலிலேயே நின்றேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னேன், மீன் குழம்பு வரைக்கும். அவர் கடைசியில் என் அம்மா சொன்னதையே சொன்னார். “நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

உள்ளே போய் அந்தப் பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அய்யா, ஒங்க ஒடம்பப் பத்தி என்ன தெரிஞ்சிக்கணும்னு தோணுதோ கேளுங்க. நான் சொல்றேன்.”

அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்தார். அவர் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.